கிட்டங்கியைக் கடந்து வந்த ஒலிக்கூடம்

(நாவிதன்வெளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மாரி பிறந்தால் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் தண்ணீர் வற்றும்வரை காத்திருப்பார்கள். என் சிறு வயதில் பாட்டுக்காரர்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். எங்கள் ஊர்களில் பாடத் தெரிந்தவர்களுக்கு ஒருநாளும் குறைவிருந்ததில்லை. பாட்டைப் பிடித்து வைக்கும் கருவிதான் இல்லை. ஒழுங்கான ஒரு ஒலிப்பதிவு வேண்டுமென்றால் தாம்போதியைத் தாண்டிக் கல்முனைக்குப் போய், அங்கிருந்து இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போகவேண்டும். அங்கேயும் வானொலி நிலையத்தில் தெரிவானால்தான் ஒலிவாங்கியின் முன் நிற்கலாம். போனவர்கள் ஒரு சிலர். மற்றவர்களின் குரல் அவர்களோடே போய்விட்டது.

இன்று இதே நாவிதன்வெளியில் ஒரு பொடியன் கட்டிலில் சாய்ந்தபடி, கைபேசியில் பத்து ட்ராக் அடுக்கி ஒரு பாட்டை முடித்து அனுப்பிவிடுகிறான். அந்தக் கொழும்பு ஒலிப்பதிவுக் கூடம் எப்படிக் கிட்டங்கியைக் கடந்து அவன் கட்டிலுக்கு வந்தது, வரும்போது தன்னோடு எதையெல்லாம் சேர்த்துக் கொண்டுவந்தது என்பதே இன்றைய பேச்சு.

துறை சார்ந்தவர்கள் இந்த மென்பொருளை டிஜிட்டல் ஓடியோ வேர்க்ஸ்டேஷன் என்பார்கள், சுருக்கமாக ‘டோ’. நம்முடைய ஸ்டூடியோத் தம்பிமார் ‘சொப்ட்வெயார்’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுவார்கள். ஒலியைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அளவு பார்த்துக் கலந்து, கடைசியில் ஒரு பாட்டாக வெளியே எடுக்கும் வேலை முழுவதும் அதற்குள்ளேயே நடக்கும்.

இதன் வேர் இரண்டு. ஒன்று, ஒலியை எண்களாக மாற்றுவது. அமெரிக்காவில் தோமஸ் ஸ்டொக்ஹாம் என்ற பேராசிரியர் 1970களின் நடுப்பகுதியில் சவுண்ட்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கணினியில் ஒலியை வெட்டித் தொகுக்கும் வேலையைச் செய்து காட்டினார். மற்றது, ஒலியை விட்டுவிட்டு, வாசிக்கும் விரலின் செய்தியை மட்டும் பதிவது. எந்தக் கட்டை, எவ்வளவு பலமாக, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற விவரம் மட்டும். 1983இல் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் வேறு வேறு கொம்பனிகளின் இரண்டு கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்றில் வாசிக்க மற்றதும் சேர்ந்து ஒலித்தது. அதுதான் மிடி. டேவ் ஸ்மித் என்ற அமெரிக்கரும், ரோலண்ட் நிறுவனத்தின் இக்குதாரோ காக்கெஹாஷி என்ற ஜப்பானியரும் முன்நின்று செய்த காரியம். அதற்காக இருவருக்கும் 2013இல் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இரண்டு வேரும் உடனே ஒன்றாகச் சேரவில்லை. காரணம் சாதாரணக் கணக்கு. சீடியின் தரத்தில் ஒலியைப் பதிந்தால் வினாடிக்கு 44,100 தடவை அளவெடுக்க வேண்டும். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் வரும். 40 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கைப் பெரிதாக நினைத்த காலத்தில் அது நான்கு நிமிடப் பாட்டோடு நிரம்பிவிடும். மிடியோ விரலின் செய்தி மட்டும் என்பதால் அதே நான்கு நிமிடம் ஒரு சிறிய கோப்புக்குள் அடங்கியது. ஆகவே முதலில் வளர்ந்தது மிடியைத் தொகுக்கும் மென்பொருள். 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி வாசல் கூடவே பொருத்தப்பட்டிருந்தது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1989இல் அந்தக் கணினிக்காகக் கியூபேஸ் என்ற மென்பொருளைச் செய்தது. இடமிருந்து வலமாக நேரம் ஓட, மேலிருந்து கீழாக ட்ராக்குகள் அடுக்கப்பட்ட அந்தத் திரையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலான மென்பொருள்களைத் திறந்தால் அந்தக் கட்டம்போட்ட வயல்தான் முன்னால் விரிகிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் வரப்பைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்த் திரையிசை இந்த மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தது. 1986இல் வந்த புன்னகை மன்னனில் இளையராஜா, சுரங்களை வரிசைப்படுத்தி வாசிக்கும் சீக்குவென்சரைப் பயன்படுத்தினார். 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு பஞ்சதன் ரெக்கோர்ட் இன் என்ற கூடத்தைக் கட்டினார். 1992இல் ரோஜா வந்தது. அந்தக் கசெட் கல்முனை ரெக்கோர்டிங் பார்களுக்கு வந்த நாட்களில், ஒரே பாட்டை நாங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. பெரிய மண்டபத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரே மூச்சில் வாசித்த இசையைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு, ஒவ்வொரு ஒலியும் தனித்தனியே வைத்து அடுக்கப்பட்ட இசை புதுமையாகப் பட்டது. ஒரு மனிதர் தன் வீட்டு அறையில் இராப்பகலாக இருந்து ஒரு பாட்டைக் கட்டியெழுப்பலாம் என்பதை நாங்கள் அறிந்துகொண்டதும் அப்போதுதான்.

விலையைப் பார்த்தால் அது எங்களுக்கு எட்டாத கனவு. டிஜிடிசைன் என்ற நிறுவனம் 1991இல் ப்ரோ டூல்ஸை வெளியிட்டபோது நான்கு ட்ராக்குக்கு 6,000 டொலர் கேட்டது. அதைச் சொல்லிவிட்டு அடுத்து வந்த வருடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1996இல் ஸ்டைன்பேர்க் விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. எதிரொலிப் பெட்டி, சமனாக்கிப் பெட்டி என்று அறை நிறைய வைத்திருந்த இரும்புச் சாமான்கள் மென்பொருளுக்குள் போயின. 1999இல் வாத்தியங்களும் அதே வழியில் உள்ளே போயின. 1997இல் பெல்ஜியத்தில் ப்ரூட்டிலூப்ஸ் பிறந்து, பிறகு எஃப்எல் ஸ்டூடியோ ஆனது. 2000ஆம் ஆண்டில் ஓடாசிட்டி இலவசமாக வந்தது. 2006இல் ரீப்பர் முழுப் பதிப்பாக வெளிவந்தது. இன்று 60 டொலர் உரிமத்துக்கு எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் போடலாம். 1987இலிருந்து விலைக்கு விற்கப்பட்ட கேக்வோக்கை 2018இல் பேண்ட்லேப் நிறுவனம் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. நம் பொடியன் கட்டிலில் வைத்திருக்கும் கைபேசி மென்பொருளும் இந்த ஓட்டத்தின் கடைசி அலைதான்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தக் கரையில் எங்கள் தலைமுறை இந்தத் தொழிலைப் பழகியது பெரும்பாலும் களவுப் பிரதியில். நூறு ரூபாய்ச் சீடியில் உலகத்து மென்பொருள் எல்லாம் கிடைத்தது. யுத்தத்துக்கும் மின்வெட்டுக்கும் நடுவில் எங்களுக்குத் திறந்திருந்த வாசல் அதுதான். ஆனாலும் ஒருவரின் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்தோம் என்பது உண்மை. இன்று இலவசமாகவும் குறைந்த விலையிலும் நேர்வழியில் கிடைக்கும்போது, பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கைமாற்றிக் கொடுக்கத் தேவையில்லை.

இனி நான் உண்மையில் பேச வந்த விடயம்.

ஒரு புதிய ப்ரொஜெக்டைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஒன்றும் செய்வதற்கு முன்பே திரையில் சில முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும். வேகம், பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி. தாளம், நாலுக்கு நாலு. இடது பக்கத்தில் பியானோக் கட்டைகள், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு, எல்லாம் சமமான இடைவெளியில். இவற்றைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஹம்பேர்க்கிலும் கலிபோர்னியாவிலும் இருந்தவர்கள் தங்கள் காதில் இருந்த இசைக்குத் தக்கபடி வீட்டைக் கட்டினார்கள். அந்த வீட்டுக்குள் வைகாசிச் சடங்கையும் பக்கீர் பைத்தையும் கூட்டிக்கொண்டு போகும் நாம்தான் வாசல் உயரத்தைப் பார்க்கவேண்டும்.

உடுக்கை எடுத்துக்கொள்வோம். கண்ணகை அம்மன் சடங்கில் உடுக்கு அடிப்பவரின் இடது கையை மட்டும் கவனியுங்கள். நடு இடுப்பைச் சுற்றிய கயிற்றை அந்தக் கை இறுக்கும்போது தொனி ஏறும், தளர்த்தும்போது இறங்கும். வலது கை அடித்த அடி காற்றில் இருக்கும்போதே இடது கை அதை வளைத்துவிடும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள அந்த வளைவில்தான் உடுக்கு பேசுகிறது. மிடியில் ஓர் அடி என்பது ஒரு கட்டை எண்ணும், 0 முதல் 127 வரை ஒரு பல அளவும். வளைவுக்கும் ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது ஒரே மிடி சனலில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்தே வளைக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்கும் முறை எம்பிஈ என்ற பெயரில் 2018இல்தான் பொது விதியானது. இன்றைக்கும் ‘உடுக்கு’ என்று விற்கப்படும் ஒலித்துண்டுகளைக் கட்டைகளில் அடுக்கி வாசித்தால், ஓடும் ஆற்றைப் படம் பிடித்துப் பத்துப் படங்களை வரிசையாக ஒட்டியதுபோல இருக்கும்.

தாளத்தின் கதையும் இதுவே. குவான்டைஸ் என்றொரு பொத்தான் இருக்கிறது. கொஞ்சம் முன்பின்னாக விழுந்த அடிகளை அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்து வைக்கும். 120 வேகத்தில் பதினாறில் ஒன்று என்பது ஒரு வினாடியின் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கோட்டுக்கு வெளியே எந்த அடியும் நிற்க விடமாட்டாது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றக் காலத்தில் பக்கீர்மார் றபான் அடித்துப் பைத் சொல்வதைக் கேட்டவர்கள் இந்தச் சபையில் பலர் இருப்பீர்கள். மெல்லத் தொடங்கி, சொல்லச் சொல்ல வேகம் ஏறும். யாரும் எண்ணிப் பார்த்து ஏற்றுவதில்லை. கூட்டத்தின் மூச்சு ஏற றபானும் ஏறும். அந்த ஏற்றத்தை எடுத்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒரே 120இல் கட்டிவைத்தால் சொற்கள் இருக்கும், றபான் சத்தம் இருக்கும், பைத் இருக்காது.

ஒரு வைகாசியில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை, அம்மனைக் குளிரச் சொல்லிக் கேட்கும் குளுத்திப் பாட்டைப் பாடவைத்துப் பதிய நினைத்தோம். வயது எண்பதுக்கு மேல். என்னோடு வந்த மாணவன் அவர் காதில் ஹெட்போனை மாட்டி, வேகம் காட்டும் க்ளிக்கைப் போட்டுவிட்டான். பெரியவர் இரண்டு அடி பாடுவார், நிற்பார், காதைத் தடவுவார். மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “மனே, நான் அம்மாளுக்கல்லோ பாடுற. இடையில இதென்ன டிக் டிக் எண்டு?” மாணவன் என்னைப் பார்த்தான். “க்ளிக் இல்லாமப் பாடினா மறுகா எப்பிடி சேர் அடுக்குற?” என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. அவனுக்கு அந்தத் தொழில் அப்படித்தான் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது.

க்ளிக்கை நிறுத்தினோம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு இருபத்திரண்டு நிமிடம் ஒரே இருப்பில் பாடி முடித்தார். அன்றிரவு மாணவனுக்கு டெம்போ ட்ராக்கைத் திறந்து காட்டினேன். எல்லாப் பெரிய மென்பொருளிலும் அது உண்டு. திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. பாட்டைக் கோட்டுக்கு இழுக்காமல், பாடியவரின் அடிகளுக்குத் தக்கபடி கோடுகளை நகர்த்தி வைக்கலாம். அடி அடியாகக் குறித்துக்கொண்டு போனோம். தொடக்கத்தில் 64 என்று இருந்த வேகம், தேவியின் கோபம் வரும் இடத்தில் 80ஐத் தாண்டி, குளிரச் சொல்லிக் கேட்கும் இடத்தில் 58க்கு இறங்கியது. திரையில் அந்தக் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்த மாணவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கதை எங்கே சூடாகிறது, எங்கே ஆறுகிறது என்பது அவன் கண் முன்னே ஒரு படமாக இருந்தது.

சுருதிக்கு வருகிறேன். இதைப் பேச நமக்கு வெளியூர் ஆசிரியர் தேவையில்லை. கிட்டங்கியைக் கடந்து, கல்முனையும் சாய்ந்தமருதுவும் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழ் யாழின் நரம்புகள் எந்த எந்த விகிதத்தில் நின்றன என்பதைக் கணக்கிட்டு அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தால் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர் காலமானார். இயற்கையான விகிதத்தில் நிற்கும் அந்தரக் காந்தாரம் ஐந்துக்கு நான்கு. பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நூறு பாகமாகப் பிரிக்கும் அளவில் சொன்னால் அது 386. கட்டையில் இருப்பதோ 400. பதினான்கு பாகம் கூர்மை. தம்பூராவோடு சேர்த்துப் பாடிப் பழகிய காதுக்கு அந்தப் பதினான்கு உறுத்தும். இந்தியாவின் வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி 1971வரை அந்தத் தடையை வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்தச் சுருதிப் பிரச்சினையும் ஒன்று. இன்று ஆர்மோனியம் எங்கள் ஒவ்வொரு கணினிக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது. லொஜிக் போன்ற மென்பொருளில் ப்ரொஜெக்ட் அமைப்புக்குள் போனால் ஒவ்வொரு சுரத்தின் நிலையையும் நாமே மாற்றி வைக்கலாம். யாழ் நூலின் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்க்கும் ஒரு பிள்ளை இந்த மாவட்டத்திலிருந்து வரவேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை.

சுருதியைத் திருத்தும் ஓட்டோடியூன் 1997இல் வந்தது. அதைச் செய்த அண்டி ஹில்டிப்ரண்ட் அதற்கு முன் பூமிக்குள் அதிர்வலை அனுப்பி எண்ணெய் இருக்குமிடம் தேடும் கணக்கில் வேலை செய்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குப் போட்டார். நல்ல கருவி; தடுமாறிய ஓர் இடத்தைக் காப்பாற்றும். ஆனால் நம் வயற்காட்டுக் கவியில் அதைப் பூசாதீர்கள். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் காவற்பரணில் இருந்து கவி சொல்பவர் ஒரு சுரத்தில் ஏறி அடுத்த சுரத்துக்கு வழுக்கி இறங்குவார். அந்த வழுக்கலைப் பிழையென்று எண்ணி மென்பொருள் படிக்கட்டாக வெட்டிவிடும்.

இன்னொரு விடயம், என் மனத்தில் ஆறாமல் கிடப்பது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கல்முனைக் கரையில் இருந்த என் மாமி வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கசெட் இருந்தது. அம்மம்மாவின் தாலாட்டு, ஊர்க் கல்யாணங்களில் பாடிய பாட்டு, யாரோ ஒரு வாப்பா என் மாமாவுக்காகப் பாடிக் கொடுத்த கவி. உயிர்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் கசெட்டை யார் தேடினார்? அதற்குப் பிறகுதான் நான் பதிவதில் பைத்தியமாக இறங்கினேன். 2007இலிருந்து கணினியில் பதிந்தேன். கடல் கொண்டுபோக முடியாது என்று நினைத்தேன். அன்று நான் பாவித்த மென்பொருளின் ப்ரொஜெக்ட் கோப்புகள் இன்று திறப்பதில்லை. அதோடு சேர்ந்து வேலைசெய்த ப்ளகின்கள் 32 பிட் காலத்தோடு நின்றுவிட்டன. உரிமத்துக்கான யூஎஸ்பி சாவி பழுதாகிவிட்டது. பதினொரு பாட்டுக் கோப்பில் எனக்கு மிஞ்சியது, அந்த நேரம் அவசரமாக அனுப்புவதற்காகச் செய்த மெலிந்த எம்பி3 மூன்று.

ஆகவே இளையவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும் பூச்சியத்திலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். உலக ஒலிக் காப்பகங்களின் சங்கம் குறைந்த அளவாகச் சொல்வதும் அதுதான். பாடியவரின் பெயர், ஊர், நாள், வேகம், சுருதி ஆகியவற்றை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் தமிழில் எழுதி அதே பெட்டியில் போடுங்கள். இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே இருக்கும். மென்பொருளுக்கு மென்பொருள் ப்ரொஜெக்டைக் கைமாற்றும் டோப்ரொஜெக்ட் என்ற திறந்த வடிவம் 2023இல் வந்திருக்கிறது. நல்ல முயற்சி, எல்லோரும் அதை ஏற்கும்வரை வேவ்தான் நமக்குக் காவல்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்பீர்கள். கலந்து பதியப்பட்ட பாட்டிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் மென்பொருளை டீசர் நிறுவனம் 2019இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஜோன் லெனன் வீட்டில் பியானோவோடு பாடிவைத்த பழைய கசெட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து 2023இல் பீட்டில்ஸ் ஒரு புதிய பாட்டை வெளியிட்டார்கள். லால் சலாம் படத்துக்காக ரஹ்மான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு செயற்கை நுண்ணறிவால் மீண்டும் உருவாக்கிப் பாடவைத்தார். இறந்தவரைப் பாடவைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் இரைச்சலுக்கும் ஜெனரேட்டர் சத்தத்துக்கும் அடியில் கிடக்கும் நம் பெரியவர்களின் குரலைத் துலக்கி எடுப்பதில் ஒரு தயக்கமும் இல்லை. அதற்குக் கசெட் கையில் இருக்கவேண்டும்.

உங்கள் வீடுகளில் இன்னும் கசெட் இருக்கும். அலுமாரிக்கு மேலே, தையல் மெஷின் லாச்சிக்குள், பழைய பெட்டகத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தவுடன் ஆசையில் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடா முதல் ஓட்டத்திலேயே அறுந்துபோகக்கூடும். வெயிலிலும் காயவைக்காதீர்கள். ஒரு கடதாசி உறையில் போட்டு, மேலே யார் பாடியது, எந்த வருடம் என்று தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவரிடம் இன்றிரவே கேட்டு எழுதுங்கள். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் நானும் அந்த மாணவனும் கசெட் மெஷினோடு இருப்போம்.